தமிழில் சொன்னால் உத்தரவு இல்லை

என் கணவர் லெப்டினன்ட் கர்னல் வீரராகவன் ஒரு மாவீரர். இதை நானாகச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: ‘கார்கில் போரில் காலில் குண்டு பாய்ந்தும் தன்னந்தனியாகத் தவழ்ந்தே மலையிறங்கிய மாவீரர் வாழும் இல்லம்.’ இந்த ஊரில் கல்வெட்டுக்குக் குறைவில்லை. நிலம் கொடுத்தவன், விளக்கெரிக்க நெய் கொடுத்தவன் எல்லாரும் கோயில் சுவரில் இருக்கிறார்கள். அவர்கள் எதையாவது கொடுத்துவிட்டுக் கல்லில் ஏறினார்கள். இவர் எடுத்துக்கொண்டு ஏறினார். யாரிடமிருந்து என்ன எடுத்தார் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரங்கநாயகி. பிறந்தது திருவானைக்காவல். இவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது லெப்டினன்ட். மீசையைத் தடவிக்கொண்டு, “ஜெனரல் ஆகாம யூனிஃபார்மைக் கழட்ட மாட்டேன்” என்றார். அப்பா பாங்க் குமாஸ்தா. ஜெனரல் மானேஜர் என்று எடுத்துக்கொண்டு, பூரித்துப்போய் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்.

பட்டாளத்தில் சேர்ந்ததும் இவர் முதலில் துறந்தது தமிழை. லீவில் வந்தால் கீரைக்கார அம்மாளிடம் “ஹவ் மச்?” என்பார். அந்த அம்மாள் தமிழில் பதில் சொல்லும். இவர் என்னைப் பார்த்து, “வாட் டஸ் ஷி சே?” என்பார். வடக்கு வீதியில் கோலி விளையாடி, கொள்ளிடத்தில் குதித்து வளர்ந்த மனுஷனுக்கு நான் துபாஷி. மேலே போகிறவன் தாய்மொழியைத் தூக்கிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும் என்பது இவருடைய கொள்கை. பெருமாள் சேவிக்கப் போனாலும் வாய்க்குள் என்ன மொழியில் வேண்டிக்கொண்டார் என்பது ரங்கநாதனுக்குத்தான் தெரியும். வேண்டிக்கொண்டது பிரமோஷன் என்பது எனக்கும் தெரியும்.

கார்கில் சண்டையின்போது கேப்டன். இடது முழங்காலில் குண்டு. அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம், ஏனென்றால் ஒரு பூணூல், ஒரு சீமந்தம் விடாமல் இவர் சொல்லியிருக்கிறார். பாறை மேல் முன்னேறிக்கொண்டிருந்தாராம். குண்டு பட்டதாம். இவருக்குத் துணையாக மெஷின்கன்னில் இருந்தவன் பயந்துபோய் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டானாம். கூட இருந்த பீமராவ் என்கிற சின்னப் பையன் தனியாக மாட்டிக்கொண்டு செத்தானாம். இவர் ஒருத்தராகவே தவழ்ந்து தவழ்ந்து கீழே வந்தாராம். “தட் பிளடி கவர்ட்” என்று கதை முடியும். அந்தக் கோழைக்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது.

இதற்கு ஒரு மெடல் வந்தது. மேஜர் பதவியும் வந்தது. அப்புறம்தான் வேடிக்கை. மெடல் வாங்கிக் கொடுத்த அதே கால், அடுத்தடுத்த மெடிக்கல் போர்டில் இவரை உட்கார வைத்துவிட்டது. கூடப் படித்தவர்களெல்லாம் பிரிகேடியர் ஆனார்கள். இவர் லெப்டினன்ட் கர்னலோடு வீட்டுக்கு வந்தார். ஸ்ரீரங்கத்தார் பெருந்தன்மையானவர்கள், ‘லெப்டினன்ட்’டை வெட்டிவிட்டுக் கர்னல் ஆக்கிவிட்டார்கள். ஜெனரல் ஆக்கத்தான் அவர்களுக்கும் அதிகாரம் இல்லை.

போன மார்கழியில், தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த முழங்காலை மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த லிசிக்கு மலையேறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போன கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நரைத்த கிராப்பு. செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார்.

“சார் இருக்காங்களாம்மா?”

“இருக்கார். நீங்கோ யாரு?”

“சின்னையன்னு சொல்லுங்கம்மா. காட்டூரு. சாரோட மெஷின்கன்காரன்னு சொன்னா தெரியும்.”

உள்ளே போய்ச் சொன்னேன். மாவீரரின் முகம் வெளுத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். “டெல் ஹிம் ஐ ஆம் நாட் அட் ஹோம்!” என்றார். பரேடு மைதானத்துக் குரல். மூன்றாம் மாடியில் சொன்னது கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

கூடத்துக்கு வந்தேன். சின்னையன் தலையை ஆட்டினார். “கேட்டுச்சும்மா. வீட்ல இல்லைன்னு சாரே சொல்றாங்க. அப்ப இல்லதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். பயந்து ஓடியவன் இத்தனை வருஷம் கழித்து, விட்டு ஓடினவரையே தேடிக்கொண்டு எதற்கு வருகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“பகல்ல ஏறக்கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவும்மா. பக்கத்துக் கம்பெனி வந்து சேந்த பெறகு இருட்டுல ஏறணும். சாருக்குப் பொறுக்கல. மொத ஆளாப் போயிக் கொடி நட்டுடணும்னு முன்னால போயிட்டாங்க. அடிபட்டுடுச்சு. நானும் பீமராவும் மெஷின்கன்ல இருந்தோம். ஒருத்தன் சுட, ஒருத்தன் பெல்ட்டு குடுக்க. ரெண்டு பேரும் இருந்தாத்தான் அது ஓடும். அந்தக் கம்பெனில உத்தரவெல்லாம் இந்திதான். தமிழ்னு பாத்தா சாரும் நானும் மட்டுந்தான். சார் கத்துறாங்க, தமிழ்ல கத்துறாங்க. ‘சின்னையா, கன்னை விட்டுட்டு வாடா! பீமராவ் பாத்துப்பான்! என்னைத் தூக்குடா!’ இதாம்மா வார்த்தை. நான் ஒண்ணும் கூட்டல, கொறைக்கல.”

“போனேளா?”

“போகாம? ஆபீசர் சொல்றாங்க. அதுலயும் நம்மூரு ஆபீசர். முதுகுல போட்டுக்கிட்டுப் பாறை பாறையா எறங்கி, ஒரு எடத்துல படுக்க வச்சுட்டுத் திரும்பி ஓடுனேன். பீமராவ் இல்ல.” டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தார். “மகாராட்டிரத்துப் பையன்ம்மா. பத்தொம்பது வயசு. என்கிட்ட தமிழ் கத்துக்கிட்டு இருந்தான்.”

மெஷின்கன் ஏன் நின்றது என்று விசாரணை வைத்தார்கள். ‘யார் சொல்லி விட்டாய்?’ என்று சின்னையனைக் கேட்டார்கள். கேப்டன் சொன்னார் என்றார். கேப்டனைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்துக் கேட்டார்கள். “ஐ கேவ் நோ ஆர்டர்” என்றார் என் கணவர். உத்தரவு கொடுத்தேன் என்றால், முன்னால் போகச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம் மெடல் எங்கே, மேஜர் எங்கே?

“என் மூஞ்சியக்கூட பாக்கலம்மா. அதோட என்னைத் தூக்கிட்டாங்க. எதிரி முன்னால எடத்தை விட்டு ஓடுனவன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

காட்டூரில் அவர் வீட்டுக்கு இப்போது பெயர் ‘ஓடுகாலி வீடு’. கூரியர் பையன்கூட அப்படிக் கேட்டுத்தான் வருகிறானாம். அவருடைய அப்பா அந்தப் பெயரைக் கேட்டுக்கேட்டே போய்ச் சேர்ந்தார். சின்னையன் அதையும் பொறுத்துக்கொண்டார். போன வருஷம் பேத்தியை ஸ்கூலில் சேர்த்தார்கள். வேன்காரர், “ஓடுகாலி வீட்டுப் பாப்பா ஏறிடுச்சா?” என்று கேட்டார். பாப்பா சாயந்திரம் வந்து, “தாத்தா, ஓடுகாலின்னா என்ன?” என்றது. அதற்குப் பிறகுதான் சென்னையில் ராணுவத்தாருக்கான தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். மாசியில் விசாரணை.

“எனக்கு வேறெதும் வேணாம்மா. அந்த வார்த்தைய சொன்னேன்னு சார் ஒரே ஒரு தடவ சொன்னாப் போதும். பேத்திக்கு நான் பதில் சொல்லிக்குவேன்.”

அவர் போன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் இவரைக் கேட்டுவிட்டேன். சாத்தமுது சாதத்தை, அதாவது ரசம் சாதத்தை, பிசைந்துகொண்டிருந்தார்.

“ஏன்னா, உங்களைத் தூக்கிண்டு வந்தது அவர்தானா?”

“ஹூ?”

“வீட்ல இல்லேன்னு அவ்வளவு சத்தமா சொன்னேளே, அவர்.”

பொய் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கையை உதறிவிட்டு, வகுப்பெடுக்கிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“லுக், நாயகி. ஆர்டர் வேற, கத்தறது வேற. நான் தமிழ்ல சொன்னேன். எங்க யூனிட்ல தமிழ்ல ஆர்டரே கிடையாது. எந்த ரூல்லயும் கிடையாது. ஸோ, டெக்னிகலி, ஐ கேவ் நோ ஆர்டர். நான் பொய்யே சொல்லலை. வலில கத்தினேன், அவ்வளவுதான். அம்மான்னுகூடத்தான் கத்தினேன். எங்கம்மா என்ன, ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஓடி வந்தாளா?”

“அவர் வந்தாரே.”

“அது அவனோட தப்பு. ‘சார், இது ஆர்டரா?’ன்னு கேட்டுட்டுன்னா வரணும்!”

குண்டு மழையில், பாறைக்குப் பின்னால், முழங்கால் தொங்க ஒரு மனுஷன் அலறும்போது, ‘ஐயா, தாங்கள் அலறுவது இலாகா மொழியிலா, சொந்த மொழியிலா?’ என்று விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அந்த அறிவு காட்டூர்க்காரருக்கு இல்லாமல் போயிற்று.

“தவழ்ந்து வந்தேன்னு சொன்னேளே?”

“கடைசி கொஞ்ச தூரம் தவழ்ந்தேன். ஆம்புலன்ஸ்ல ஏற.”

அந்தக் காலுக்கு இத்தனை வருஷம் தைலம் தேய்த்தவள் நான். ராத்திரி பகல் பார்க்காமல் ஒத்தடம் கொடுத்த கை இது. நான் தேய்த்ததெல்லாம் பீமராவின் மேலும் சின்னையனின் மேலும் ஏறி வந்த கால் என்று தெரியாமல் தேய்த்திருக்கிறேன். “தீர்ப்பாயத்துல உண்மையைச் சொல்லிடுங்கோ. இனிமே உங்க பிரமோஷனை யாரும் பிடுங்க முடியாது” என்று கெஞ்சினேன். இவர் மோரைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஸ்டேட்மெண்ட் போன வாரமே அனுப்பிட்டேன். நோ ஆர்டர் வாஸ் கிவன். யாராவது ஒருத்தர் பீமராவுக்குப் பதில் சொல்லணும் இல்லையா? எனக்கு ஒரு கரியர் இருந்தது” என்றார். ‘இருந்தது’ என்பது இறந்த காலம் என்பதை யார் எடுத்துச் சொல்வது? தமிழ் இலக்கணத்தில்தான் இவருக்கு ஆர்வம் கிடையாதே.

இதற்கு நடுவில்தான் கல்வெட்டு முளைத்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சௌரிராஜன், பாங்கில் ரிடையராகி, செய்ய வேலை இல்லாமல் எங்களுக்கெல்லாம் வேலை வைக்கிறவர். குடியரசு தினத்தன்று கொடியேற்றம், அதோடு கர்னலுக்குக் கல்வெட்டு என்று தீர்மானம் போட்டுவிட்டார். திறந்து வைக்க, திருச்சியில் குடியேறியிருக்கும் ரிடையர்டு மேஜர் ஜெனரல் ஒருத்தர் ஒப்புக்கொண்டார். ஒரு நிஜ ஜெனரல் வந்து சல்யூட் அடிக்கப்போகிறார்! என் கணவர் பத்து வயது குறைந்துபோய், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் மார்ச் பழகினார்.

நான் சின்னையனுக்குப் போன் பண்ணினேன். “குடியரசு தினத்துக்கு எங்காத்துக்கு வாங்கோ. நான் அழைக்கிறேன்” என்றேன். நேருக்கு நேர் அந்த முகத்தைப் பார்த்தால், கல்லில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தையாவது வாயில் வந்துவிடும் என்று நம்பினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கப்புறமும் எனக்கு நம்பிக்கை மிச்சம் இருந்தது பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. கீழே பந்தல், கொடி, மைக், காதில் மெஷின் வைத்துக்கொண்டு காப்பி குடிக்கும் ஜெனரல், பட்டுத்துணி போர்த்திய கல் எல்லாம் தயார். மாவீரர் மட்டும் மூன்றாம் மாடியில். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ரஃபீக் கறுப்புக் கையைத் துடைத்துக்கொண்டு, “பெல்ட்டு போயிருச்சுக்கா. தென்னூர்லேர்ந்து சாமான் வரணும். ஒரு மணி நேரமாவது ஆவும்” என்றான். ஜெனரலைக் காக்க வைப்பதா? இவருக்கு அது ராஜத்துரோகம்.

சௌரிராஜன் ஒரு வழி கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் நாற்காலி. ஆளுக்கு ஒரு காலைப் பிடிக்க நாலு பேர். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தூக்குவது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஏளப்பண்ணுவது என்போம். தூக்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று மரியாதை. சௌரிராஜன் அந்த ஞாபகத்தில், “மெதுவா, மெதுவா! கர்னலை ஏளப்பண்ணிண்டு வாங்கோ!” என்று கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். இவரும் கோட்டு, மெடல், கட்டுப்போட்ட முழங்காலோடு உற்சவர் மாதிரி எழுந்தருளினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியின் ஒரு கால் படீரென்று முறிந்தது. தூக்கியவர்களில் இரண்டு பேர் பயந்து கையை விட்டுவிட்டார்கள். கர்னல் சரிந்து, கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, புது முழங்கால் மடங்கி, “ஹோல்ட் மி! ஹோல்ட் மி, யூ ஃபூல்ஸ்!” என்று அலறினார். யாருக்கும் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

அப்போது கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த சின்னையன், நாலு எட்டில் வந்து தோளைக் கொடுத்துவிட்டார். இவர் விழவில்லை. அந்தத் தோள் மேல் அப்படியே சாய்ந்து நின்றார். முகத்துக்கு முகம். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை இவர் கடைசியாகப் பார்த்தது அந்த மலையில்.

“விழாம புடிச்சிருக்கேன் சார். பயப்படாதீங்க. தூக்கணும்னா மட்டும் ஆர்டர் குடுங்க. போன தடவ ஆர்டர் இல்லாமத் தூக்கிட்டேன்னு ஆயிருச்சு.”

மாடிப்படியில் இருந்த செல்போன்கள் எல்லாம் அவர்கள் பக்கம் திரும்பின.

“ப்ளீஸ்…” என்றார் இவர்.

“ப்ளீஸுன்னா ஆர்டர் இல்லீங்க சார்.”

“முஜே உட்டாவோ!” ‘என்னைத் தூக்கு’ என்பதற்கு இந்தி. முறைப்படியான ராணுவ மொழி. அந்த வலியிலும் ரூல் தவறவில்லை, என் மாவீரர்.

“இந்தி மறந்துபோச்சு சார். பட்டாளத்த விட்டு அனுப்பி ரொம்ப நாளாச்சு. அன்னிக்கு மலையில என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க. ஆர்டரா இல்லையான்னு பெரியவங்க பாத்துக்கட்டும்.”

இவர் பல்லைக் கடித்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கால் இன்னும் கொஞ்சம் மடங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வடக்கு வீதித் தமிழில் ஒரு கத்தல் வந்தது.

“சின்னையா! கன்னை விட்டுட்டு வாடா! பீமராவ் பாத்துப்பான்! என்னைத் தூக்குடா!”

எங்கள் மாடிப்படியில் எந்தக் கன்னும் இல்லை. நாற்காலிதான் இருந்தது, அதுவும் மூன்று காலோடு. சின்னையன் என் கூடத்தில் சொன்ன அதே வார்த்தைகள். அவர் சொன்னது போலவே, ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

சின்னையனின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. “சரி சார்” என்று இவரை முதுகில் போட்டுக்கொண்டு, படி படியாக, முழங்கால் எங்கும் இடிக்காமல் கீழே கொண்டுபோய், கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்த சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். முடிந்தது, சொல்லியாகிவிட்டது, இனிமேல் இவரால் பின்வாங்க முடியாது என்று மனசு துள்ளிக்கொண்டிருந்தது. இவர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம்கூட வந்துவிட்டது.

துணியை விலக்கினார்கள். ஜெனரல் சல்யூட் அடித்துப் பொன்னாடை போர்த்தினார். என் கணவர் மைக்கைக் கையில் வாங்கினார். தண்ணீர் குடித்து, மெடலைச் சரிசெய்து, இங்கிலீஷுக்குத் திரும்பிவிட்டார். நாட்டுக்கு நன்றி, ஜெனரலுக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றி. அப்புறம் சின்னையன் பக்கம் கையை நீட்டினார்.

“அண்ட் திஸ் ஜென்டில்மேன். யாரும் சொல்லாமலே, யாரும் கூப்பிடாமலே, தானா வந்து என்னைத் தூக்கினார். நோ ஆர்டர். ப்யூர் ஹ்யூமானிட்டி. கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்!”

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மாடிப்படியில் நின்று காதாரக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள். சௌரிராஜன் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். இதே மனுஷன் இதே ஆளை, கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு தடவை, சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை, ஒரே மாதிரி காலை வாரிவிட்டார். முதல் தடவைக்காவது கரியர் இருந்தது. இந்தத் தடவை ஒரு பொன்னாடை.

சின்னையன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். ரஃபீக் மட்டும் என் பக்கத்தில் வந்து, “அக்கா, பீமராவ் யாரு?” என்று கேட்டான். கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவன் ஒருத்தன்தான். சொன்னேன். அவன் செல்போனை எடுத்து, “மாடிப்படில நடந்தது எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சிருக்கேன்க்கா. வேணுமா?” என்றான்.

மாசியில், பல்லவன் எக்ஸ்பிரஸில், சின்னையனுக்கும் அவர் மனைவி அழகம்மாளுக்கும் எதிர் சீட்டில் உட்கார்ந்து நான் சென்னைக்குப் போனேன். கிளம்பும்போது என் கணவர், “யூ ஆர் பிட்ரேயிங் மி” என்றார். எனக்கு இங்கிலீஷ் புரியாத மாதிரி, “என்ன சொல்றேள்?” என்றேன். அவர் வாயில் தமிழ் வரவில்லை.

தீர்ப்பாயத்தில் அரசாங்கத்து வக்கீல் எழுந்து, புருஷன் பெண்டாட்டியிடம் அந்தரங்கமாகச் சொன்னதைச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்றார். சாத்தமுது சாதத்தோடு சொன்னதெல்லாம் தள்ளுபடி. மாடிப்படியில் சொன்னது? அது வீட்டில் சேர்த்தியா, பொது இடமா என்று வாதம் நடந்தது. மாடிப்படி எல்லாருக்கும் பொது, அங்கே செருப்புகூட வைக்கக் கூடாது என்று சௌரிராஜன் பக்கம் பக்கமாக அடித்து ஒட்டிய சங்க விதியை எங்கள் வக்கீல் எடுத்து நீட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக சௌரிராஜனால் ஒருத்தருக்கு நன்மை விளைந்தது.

வீடியோவைப் போட்டார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் அவரோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பழைய ராணுவ அதிகாரி வடக்கத்தியார். “வாட் இஸ் தூக்குடா?” என்று கேட்டார்.

“லிஃப்ட் மி” என்றார் எங்கள் வக்கீல்.

எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர். விடுவாரா? “அந்தச் சொல்லுக்கு வேலையை விட்டு நீக்குவது என்றும் அர்த்தம் உண்டு. தூக்கில் போடுவது என்றும் உண்டு. தெளிவில்லாத சொல்லை உத்தரவாக எடுக்க முடியாது” என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கள் சொல்லுங்கள், அம்மா. எந்த அர்த்தம்?”

“மூணும்தான்” என்றேன். “எங்காத்துக்காரர் தூக்குன்னார். இவர் தூக்கினார். அப்புறம் இவரை வேலைய விட்டுத் தூக்கினா. அன்னிலேர்ந்து ஊர் இவரைத் தினமும் தூக்குல போட்டுண்டிருக்கு. ஆனா சொன்ன மனுஷனுக்கு அப்போ ஒரே அர்த்தம்தான் தெரியும். கால்ல குண்டு பட்டவன் வேற எதுக்குக் கத்துவான்?”

மொழிபெயர்த்தார்கள். அந்த அதிகாரி நெடுநேரம் குனிந்து எழுதினார்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் எனக்குத் துரோகி என்று பெயர். உத்தர வீதியில் என்னைப் பார்த்தால் தெரிந்த மாமிகள் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். கவலை இல்லை. துரோகக் கலையை வீட்டிலேயே ஒரு கைதேர்ந்த நிபுணரிடம் கற்றேன், அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. ஒரே ஒருத்தரைத்தான் என்னால் காட்டிக்கொடுக்க முடிந்தது. கர்னல் என்னிடம் இங்கிலீஷில் மட்டும் பேசுகிறார். நான் தமிழில் பதில் சொல்கிறேன். கல் வாசலிலேயே இருக்கிறது. தினமும் பால் வாங்கப் போகும்போது அதில் மாவீரர் தவழ்ந்துகொண்டிருக்கிறார்.

சித்திரையில் தீர்ப்பு வந்தது. சின்னையன் ஓடவில்லை, மேலதிகாரியின் உத்தரவுப்படிதான் இடத்தை விட்டார், அவர் மேல் எழுதியதெல்லாம் செல்லாது. அதை ரிஜிஸ்டர் தபாலில் காட்டூருக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வந்த தபால்காரர் அந்தப் பகுதிக்குப் புதுசு. கவரில் சரியான விலாசம் இருந்தும் வீடு பிடிபடாமல், முக்குக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் சைக்கிளை நிறுத்தி, கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம்:

“ஏங்க, ஓடுகாலி வீடு இதுதானா?”

“ஆமாங்க, இதுதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம் சின்னையன். அன்று சாயந்திரம் போனில் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்க அவரால் முடியவில்லை. அழகம்மாள் போனை வாங்கி, “அப்புறமா பேசச் சொல்றேம்மா” என்று வைத்துவிட்டாள்.